பொங்காத இருபத்துமூன்று லீற்றர்

1

நான் லண்டனில் வந்திறங்கி முப்பது வருடம் நிறைந்த சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு, செவன் கிங்ஸில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். இப்படியான நாள்களை எங்கள் வீட்டில் நினைவு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். மனைவி சாந்திக்கு எங்கள் கலியாண நாளே காலையில் நான் சொன்னால்தான் தெரியும். ஆகவே பெட்டி அந்த நாளில் வந்தது தற்செயல் என்று முதலில் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். திறந்து பார்த்த பிறகு அதை வெட்டினேன்.

உள்ளே மூடியுடன் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. ஒரு தகரப் பேணி நிறைய வாற்கோதுமைப் பாகு. ஒரு சிறு பக்கற்றில் ஈஸ்ட். சீனி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் கண்ணாடி மிதவை ஒன்று. கழுவுவதற்கு ஒரு தூள். வீட்டில் பியர் செய்வதற்கான சாமான்கள் என்று பெட்டியில் போட்டிருந்தது. கூடவே ஒரு சிறிய அட்டை. அதில் ஆங்கிலத்தில் மூன்று வரி: நாலு கிழமையில் சரிவரும். அந்தச் சனிக்கிழமை நான் வந்து குடித்துப் பார்க்கிறேன். க.

க என்றால் கபிலன், எங்கள் ஒரே பிள்ளை. வயது இருபத்தேழு. மருந்தாளர் படிப்பு முடித்து மூன்று வருடம் வெள்ளைக் கோட்டுடன் மருந்துக்கடையில் நின்றவன், பதினாலு மாதத்துக்கு முன்னர் வேலையை விட்டுவிட்டு பிரிஸ்டலில் ஒரு சிறிய பியர்ச்சாலையில் சேர்ந்தான். அன்றிலிருந்து அவன் என்னோடு கதைக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்குத் தாயோடு கதைப்பான். நான் பக்கத்து அறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருப்பேன்.

எனக்கு ஐம்பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் பழைய நோயாளர் கோப்புகளைத் திகதி வாரியாக அடுக்கும் பிரிவில் வேலை. குடிக்கும் பழக்கம் இல்லை. பியர் செய்யும் விருப்பம் என் வாழ்நாளில் ஒருபோதும் வந்ததில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு இருபத்தெட்டு நாள் இருந்தது.

2

கபிலன் ஏன் கதைப்பதில்லை என்பதை இங்கேயே எழுதிவிட வேண்டும்.

அவன் செய்யும் வேலைக்கு எங்கள் தமிழில் வினைச்சொல் இல்லை. கசிப்பைக் காய்ச்சுவார்கள், பிறகு பொலிஸ் வரும். சாராயத்தை வடிப்பார்கள். கள்ளை இறக்குவார்கள், அதற்குப் பாளை சீவுவார்கள். பியரை என்ன செய்வது? அவன் வேலையை விட்ட செய்தியை எங்கள் குசினியில் நின்று ஆங்கிலத்தில் சொன்னான். நான் தமிழில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கையில் கிடைத்த வினைச்சொல்லை எடுத்தேன்.

“இரவு பகலா ஷிப்ட் அடிச்சு உன்னைப் படிப்பிச்சது, நீ கள்ளுச் சீவப் போறதுக்கோ?”

அவனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. தாயைப் பார்த்து அர்த்தம் கேட்டான். சாந்தி சொல்லின் அர்த்தத்தைச் சொன்னாள். அவன் இன்னும் பார்த்துக்கொண்டு நிற்க, எங்களைப் போன்ற வீடுகளில் அதை யாரை நினைத்துச் சொல்வார்கள், எதற்காகச் சொல்வார்கள் என்பதையும் சொன்னாள். அவன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். இரண்டு மணி பத்துக்குப் போனான்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்த வசனத்தை நான் விளக்கத் தேவையில்லை. எங்களுக்குப் பனங்காணி இருந்தது. ஏறியது நாங்கள் அல்ல.

3

முதலாம் நாள், ஞாயிறு. எல்லாவற்றையும் தூள் போட்டுக் கழுவினேன். வாற்கோதுமைப் பாகையும் ஒரு கிலோ சீனியையும் கொதிநீரில் கரைத்து, குளிர்ந்த தண்ணீர் விட்டு இருபத்துமூன்று லீற்றர் ஆக்கினேன். வெப்பநிலை இருபது பாகை செல்சியஸ். ஈஸ்ட்டைத் தூவினேன். மூடினேன். மூடியில் வளைந்த குழாய் ஒன்று உண்டு. அதற்குள் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளே நொதிக்கத் தொடங்கினால் காற்று அந்தத் தண்ணீருக்குள்ளால் குமிழி விட்டுக்கொண்டு வெளியே வரும். ஒன்று, இரண்டு நாளில் குமிழி தெரியும் என்று செய்முறைத் தாளில் இருந்தது. வாளியை மாடிப்படிக்குக் கீழே வைத்தேன்.

இரண்டாம் நாள் குமிழி இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. நான் படிக்கட்டு அடியில் கதிரை போட்டுப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாந்தி உடுப்புக் கூடையோடு என்னைத் தாண்டி ஏறினாள்.

“பேறு பார்க்கிற மாதிரி இருக்கிறியள். தம்பி பிறக்கேக்க இப்பிடி இருக்கேல்லையே.”

கபிலன் பிறந்தபோது நான் பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்டில் நின்றேன். லீவு தரவில்லை. அதை அவளுக்கு அவ்விடத்தில் நினைவூட்டவில்லை.

நாலாம் நாள், புதன், மதிய இடைவேளையில் சாமான்களை விற்ற கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். என் ஈஸ்ட் வேலை செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மறுபக்கத்தில் இருந்தவர், இது பியர்ச் சாமான் கடை, ரயில் விசயம் என்றால் வேறு எண்ணுக்கு எடுக்க வேண்டும் என்றார். எங்கள் நாக்கில் ஈஸ்ட்டுக்கும் கிழக்கு என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் வித்தியாசம் கிடையாது. கிழக்கு வேலை செய்யவில்லை என்று அவருடைய காதில் விழ, கிழக்கு லண்டன் ரயில் பாதையைச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். முப்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டி வந்தது. சொன்னேன்.

பிறகு அவர் வைத்தியர் போலக் கேள்வி கேட்டார். வாளி எங்கே இருக்கிறது? அங்கே எத்தனை பாகை? பதின்மூன்று என்றேன். தை மாதத்தில் எங்கள் மாடிப்படிக்குக் கீழே அவ்வளவுதான். அது சாகவில்லை, குளிரில் தூங்குகிறது, இருபது பாகை உள்ள இடத்தில் வைத்துவிட்டு இரண்டு நாள் தொடாமல் இருங்கள் என்றார். கடைசியாக, உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது பியர் செய்கிறார்களா, இருந்தால் அவர்களிடம் ஒருமுறை காட்டலாமே என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அன்றைய குறிப்பின் கீழ், ‘கடைசிக் கேள்விக்குச் சொன்ன பதில் பிழை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

4

செய்முறைத் தாளில், சொந்தப் பாவனைக்கு மட்டும் என்றால் அனுமதி எதுவும் தேவையில்லை என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அது போதவில்லை. இந்த நாட்டில் என் முதல் ஆறு வருடங்கள் இங்கே இருக்கலாம் என்று சொல்லும் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்து கழிந்தவை. தாளில் பெயரும் திகதியும் இல்லாத எதையும் நான் நம்புவதில்லை. ஆகவே இரண்டாம் நாளே கவுன்சிலுக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தேன். இருபத்துமூன்று லீற்றர், ஒரே ஒரு முறை, விற்பனைக்கு அல்ல, மகனுக்காக.

பதினேழாம் நாள் பதில் வந்தது. என் விசாரணை அவர்களுடைய பிரிவுக்கு உரியதல்ல. ஆனால் வெற்றுப் போத்தல்களை வாசலில் எந்தக் கிழமை வைக்க வேண்டும் என்பதற்கு அட்டவணை இணைத்திருந்தார்கள். அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். அதில் பெயரும் திகதியும் இருக்கின்றன.

5

எங்கள் வீட்டில் இருபது பாகை உள்ள இடம் ஒன்றுதான்: சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரி. லண்டன் தமிழர் வீடுகளில் இந்த அலுமாரி துவாய் காய வைப்பதற்கு அல்ல, மா புளிக்க வைப்பதற்கு. சாந்தியின் தோசை மாவும் அப்ப மாவும் பதினெட்டு வருடமாக அங்கேதான் பொங்குகின்றன. அதற்குள் வாளியை வைக்க ஒரு பின்னேரம் முழுக்கப் பேச வேண்டியிருந்தது. மேல் தட்டு மாவுக்கு, கீழ் தட்டு எனக்கு என்று முடிவாயிற்று. ஐந்தாம் நாள் வாளி உள்ளே போனது.

ஆறாம் நாள் பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போதே சத்தம் கேட்டது. குளுக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் குளுக். நிமிடத்துக்குப் பதினெட்டு எண்ணினேன். சாந்தியும் வந்து பக்கத்தில் நின்றாள். அவளுடைய முகத்தில் இருந்த திருப்தி எனக்காக என்று நினைத்தேன்.

எட்டாம் நாள், ஞாயிறு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ராஜன் அண்ணை வந்தார். பியர் விசயத்தில் எனக்குத் தெரிந்தவர்களில் அனுபவம் கூடியவர். அலுமாரியைத் திறந்து காட்டினேன். குனிந்து மூடியருகே மூக்கை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

“இது பியர் மணமில்லையடாப்பா. பசிக்குது எனக்கு.”

“என்ன மணம்?”

“அப்பம்.”

மேல் தட்டில் மா இருக்கிறது, அதன் மணம்தான் என்றேன். மேல் தட்டு அன்று வெறுமையாக இருந்ததை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். போகும்போது, தம்பி பிரிஸ்டலில் மருந்துக் கொம்பனியில்தானே இன்னும் என்று கேட்டார். ஓம் என்றேன்.

அவர் போனபின் மூடியைத் திறந்தேன். பியரின் மேல் வெள்ளையாக, மெல்லிய ஆடை படர்ந்திருந்தது. புளித்த மணம் முகத்தில் அடித்தது. சாந்தியைக் கூப்பிட்டேன். அவள் வாளியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

“ஒரு கரண்டிதான் விட்டனான்.”

“என்ன ஒரு கரண்டி?”

“அப்ப மா. வெள்ளிக்கிழமை காலமை. நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு.”

நான் மறுபடியும் வாளிக்குள் குனிந்து மணந்து பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஊரிலை அம்மா அப்பத்துக்குக் கள்ளு விட்டுத்தானே மா பொங்க வைக்கிறவ? கள்ளாலை மா பொங்குமெண்டால் மாவாலை இது பொங்காதோ? உங்கட மூஞ்சையை அஞ்சு நாளாப் பார்க்க ஏலாமல் செய்தனான். பொங்கினது தானே?”

பொங்கியதுதான். தர்க்கத்தில் பிழை கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மாவைப் புளிக்க வைப்பதும் பியரை நொதிக்க வைப்பதும் ஒரே உயிர் அல்ல. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றது புகுந்தால் எல்லாம் புளித்துவிடும் என்று அன்று பின்னேரம் வாசித்துத் தெரிந்துகொண்டேன். உலகத்தில் இதுவரை பியர் செய்யப் பழகியவர்கள் எழுதிய முறைப்பாடுகளில் பெரும்பகுதியை இணையத்தில் வாசித்தேன். அப்ப மா விட்டவர் யாரும் இல்லை.

6

அன்று ஆறு மணிக்கு வழமைபோலக் கபிலன் எடுத்தான். சாந்தி கொஞ்சம் கதைத்துவிட்டு, என் அறைக்கு வந்து தொலைபேசியை நீட்டினாள். அதன் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கதைத்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“கடைக்காரனைக் கேட்டியள். ராஜன் அண்ணையைக் கேட்டியள். கவுன்சிலையும் கேட்டியள். அதே வேலை செய்யிற பிள்ளை எங்களுக்கு இருக்கு.”

“பழுதாப் போச்செண்டு சொன்னால் வரமாட்டான்.”

“அவன் பியர் குடிக்கவோ லண்டன் வாறான்? அங்கை பியர் இல்லையோ?”

அவள் சொன்னது சரி என்று அப்போதே தெரியும். ஆனால் அட்டையில் எழுதியிருந்தது வேறு. ‘வந்து குடித்துப் பார்க்கிறேன்’ என்றுதான் இருந்தது. எழுத்தில் உள்ளதைத்தான் நான் நம்புவேன். குடிக்க ஒன்றும் இல்லையென்றால் வருவதற்குக் காரணமும் இல்லை.

புதிதாகத் தொடங்க நாள் காணாது. கடைப் பியர் வாங்கி என் போத்தல்களில் ஊற்றி வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பதினோராம் நாள் காலையிலிருந்து மாலைவரை அது நல்ல யோசனையாகவே இருந்தது. வேலையால் வரும் வழியில் கடைக்குள் போய் நான்கு வகை எடுத்து, எது வீட்டில் செய்தது போல இருக்கும் என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு, அவன் ஒரு வாய் குடித்ததும் அது எந்த ஊர்ப் பியர் என்று பெயர் சொல்லிவிடுவான் என்பது நினைவுக்கு வந்தது. அதுதானே அவனுடைய தொழில். அந்த எண்ணம் வந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. நாலையும் திரும்பத் தட்டில் வைத்தேன்.

7

பதினாலாம் நாள் வாளியில் புளித்திருந்ததையே போத்தலில் அடைத்தேன். இரண்டு லீற்றர் பிளாஸ்டிக் சோடாப் போத்தல் பதினொன்று ராஜன் அண்ணை சேர்த்துத் தந்தார். அவர் வீட்டில் சோடா ஏன் அவ்வளவு வேகமாக முடிகிறது என்று நான் கேட்பதில்லை.

அடைத்த பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. பதினாறாம் நாள் எல்லாப் போத்தலும் கல்லுப்போல இறுகி நின்றன. பத்தொன்பதாம் நாள் ஒன்று வெடித்து, பக்கத்தில் மடித்து வைத்திருந்த சாந்தியின் துவாய்கள் ஒன்பதை நனைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகமுன் பத்துப் போத்தலையும் ஒவ்வொன்றாக எடுத்து, மூடியை ஒரு நூலளவு திருகி, காற்றை விட்டு மூடினேன். பாலுக்குப் பிறகு பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை விட வைப்பார்களே, அந்த வேலை. கபிலனுக்கு அதை நான் செய்ததில்லை. ஷிப்ட்.

அந்தக் காலை வேளைகளில்தான் ஒரு விசயம் மெல்ல உறைத்தது. என்னிடம் வெப்பமானி இருந்தது. மிதவை இருந்தது. அச்சடித்த செய்முறை, கடைக்காரர், இணையம் முழுவதும் இருந்தன. ஒரு வாளியைக் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் பனங்காணிக்கு வந்தவர் காலையும் மாலையும் ஏறினார். பாளையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு எவ்வளவு பூசினால் இனிப்பாக நிற்கும், பூசாவிட்டால் எத்தனை மணிக்குப் புளிக்கும் என்பதெல்லாம் அவருடைய கைக்குத் தெரிந்தது. அவர் கொண்டுவந்தது ஒரு நாளும் பழுதானதாக எனக்கு நினைவில்லை. அவருடைய வேலையைத்தான் நான் வசையாகப் பாவித்தேன். வெட்கம் என்று எழுதிப் பார்த்தேன். சொல் சரியாகத்தான் இருந்தது. மகனுக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

8

இருபத்தெட்டாம் நாள், சனி, பன்னிரண்டே முக்காலுக்குக் கபிலன் வந்தான். தாடி வைத்திருந்தான். இரண்டு கையும் கழுவும் மருந்தால் வெடித்திருந்தன. “ஹாய் அப்பா” என்றான். வா என்றேன். பதினாலு மாதத்துக்குப் பிறகு அவ்வளவுதான் நடந்தது.

கோட்டைக் கழற்றாமலே குசினிக்கு வந்தான். போத்தலைத் திறந்து கிளாசில் ஊற்றினேன். வெளிச்சத்தில் பிடித்தான். மணந்தான். ஒரு வாய் எடுத்து, விழுங்கினான். நானும் சாந்தியும் பரீட்சை மறுமொழி கேட்கிற ஆட்கள் போல நின்றோம்.

புளித்துவிட்டது என்றான். கடுமையாகப் பேசவில்லை, கோப்பில் எழுதுகிற மாதிரிச் சொன்னான். அவனுடைய இடத்தில் வேண்டுமென்றே புளிக்க வைத்தும் ஒரு பியர் செய்கிறார்களாம். நான் நிமிர்ந்தேன். ஆனால் இது அதுவல்ல, இது பழுதான பியர் என்றான். எதற்குள்ளிருந்து வந்தது இந்தப் புளிப்பு, வேறு ஏதாவது உள்ளே போனதா என்று கேட்டான்.

சாந்தி கூரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

கபிலன் கிளாசை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். தோள் குலுங்கியது. முதலில் பயந்துபோனேன். சிரிக்கிறான். நிமிர்ந்து கண்ணைத் துடைத்து, “அப்ப மாவோ அம்மா” என்றான், மறுபடியும் குனிந்தான். அலுமாரிக்குள் வைத்ததுமே சூட்டில் ஈஸ்ட் தானாக எழும்பியிருக்கும், மா தேவைப்பட்டிருக்காது என்று பிறகு விளக்கினான். சாந்தி அதை ஏற்கவில்லை. இன்றுவரை ஏற்கவில்லை.

சிரிப்பு முடிந்ததும் என்னைப் பார்த்தான். குமிழி வராத அன்றே எனக்கு எடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பேனே, ஏன் எடுக்கவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

“கடைக்கு எடுத்தனான்” என்றேன்.

அவன் கிளாசைத் தொட்டிக்குள் வைத்தான். நான் இப்போதும் சொல்லாமல் விட்டால் அவன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவான் என்று தெரிந்தது.

“அண்டைக்கு நான் சொன்னது பிழை, தம்பி.”

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து, தமிழில் கேட்டான்.

“எது பிழை, அப்பா? என்னைச் சொன்னதோ? மரம் ஏறுற அவையைச் சொன்னதோ?”

முதல் பாதிக்கு என்னிடம் பதில் இருந்தது. பதினாலு மாதமாகத் திருத்தித் திருத்தி எழுதி வைத்திருந்தேன். உன்னுடைய மனதை நோகடித்துவிட்டேன் என்று தொடங்கும். இரண்டாவது பாதியை அவன் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிளாசைக் கழுவிக்கொண்டிருந்த சாந்தி குழாயைப் பூட்டினாள்.

“அவையைச் சொன்னதுதான்” என்றேன். “நீ அதாலைதானே போனனி.”

ஓம் என்று தலையை ஆட்டினான். அப்படிப்பட்ட ஆட்கள் யாரையாவது உங்களுக்கு நேரில் தெரியுமா என்று கேட்டான்.

“எங்கட காணிக்கு ஒராள் வாறவர்.”

“என்ன பேர்?”

“செல்லன்” என்றேன். உடனேயே, “இல்லை” என்றேன். “செல்லையா. அவற்ற பேர் செல்லையா. அரிசிக் கூப்பன் அட்டையை நிரப்பிக் குடுக்கச் சொல்லி என்னட்டைத்தான் கொண்டுவந்தவர். அதிலை செல்லையா எண்டு இருந்தது. பார்த்தனான். பிறகும் செல்லன் எண்டுதான் கூப்பிட்டனான். வா, போ எண்டுதான் கதைச்சனான். எங்கட வீட்டிலை எல்லாரும் அப்பிடித்தான்.”

கபிலன் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

“அவருக்கு அப்ப எத்தினை வயசு?”

“என்ர இப்பத்தை வயசு இருக்கும்.”

“உங்களுக்கு?”

“பன்னிரண்டு” என்றேன்.

கபிலன் கோட்டைக் கழற்றினான். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

“சொல்லுங்கோ” என்றான்.